தோட்டச் சொற்களும் தரவுத்தளமும்: இணைப்பை அமைத்தலும் சோதித்தலும்

1. முன்னுரை

பேராக் மாநிலத்தின் கோலகங்சார் நகரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட இரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கிறது. அது நடப்பட்ட பின்னர் வந்த பல பத்தாண்டுகளில், இம்மாநிலத்துக் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் அத்தோட்டங்களின் லயங்களில் குடியமர்ந்தனர். அவர்கள் கொண்டுவந்த தமிழில் மலையிலும் மரத்தடியிலும் கண்ட புதுப்பொருள்களுக்குப் பெயர் இல்லை. ஆகவே பெயர்களை ஆக்கிக்கொண்டனர். மலாய்ச் சொல்லை ஒட்டிப் பால் பிடிக்கும் கிண்ணம் ‘மங்கு’ ஆயிற்று. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் கூட்டம் ஆங்கிலச் சொல்லொன்றின் திரிபாகப் ‘பெரட்டு’ ஆயிற்று. எழுத்தர் ‘கிராணி’ ஆனார். வெட்டுவாயில் உலர்ந்து படிந்தது ‘ஒட்டுப்பால்’. மங்கிலேயே உறைந்தது ‘கட்டிப்பால்’. இவ்விரண்டும் முழுத் தமிழாக்கங்கள். அவற்றை ஆக்கியோர் எந்தக் கலைச்சொற்குழுவிலும் அமர்ந்தவரல்லர்.

1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்நெருக்கடியில் தொழிலாளர் தம் தோட்டங்களைத் தாமே வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தோன்றியதும், அதனைத் தோற்றுவித்த துன் வீ. தி. சம்பந்தன் இம்மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர் என்பதும் நாம் அறிந்தவையே. அதன் பின்னர்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் கலைந்தன. சொற்கள் முதியோர் நாவில் மட்டும் எஞ்சின.

அச்சொற்களைத் திரட்டும் பணியில் இன்று ஆசிரியர்களும் மாணவர்களும் ஈடுபடுகின்றனர். திரட்டியவற்றைத் தாளில் எழுதி வைப்பதோடு நில்லாமல், இணையத்தில் எவரும் தேடிக் காணத்தக்க தரவுத்தளமாக ஆக்க விரும்புகின்றனர். அதற்கு முதற்படி, வலைத்தள நிரல்மொழி ஒன்றைத் தரவுத்தளத்தோடு இணைப்பது. இது கணினித்துறையார் வேலை, மொழியார்வலர்க்கு இதில் இடமில்லை என்று பலர் ஒதுங்குகின்றனர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே ஒதுங்கியிருந்தோம். அதன் விலையையும் கொடுத்தோம். இணைப்பை அமைப்பது எளிது. அது தமிழைச் சிதைக்காமல் சுமக்கிறதா என்று சோதிப்பதே கடினம். அச்சோதனைக்குக் கணினியறிவைக் காட்டிலும் எழுத்தறிவே மிகுதியும் வேண்டும். இதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

2. இணைப்பு என்பது யாது?

தோட்ட அலுவலகத்தை நினைவுக்குக் கொண்டுவருவோம். சம்பளக் கணக்கைக் கேட்க வந்த தொழிலாளி அலுவலகத்தினுள் நுழைந்து பேரேட்டைப் புரட்டுவதில்லை. சன்னலின் வெளியே நின்று கேட்பார். கிராணி உள்ளே சென்று, இரும்புப் பெட்டியைத் திறந்து, உரிய பக்கத்தைப் பார்த்து, விடையைச் சன்னலுக்குக் கொண்டுவருவார். வலைத்தளமும் இவ்வாறே இயங்குகிறது. சன்னலின் வெளியே நிற்பவர் உலாவி வழியே வரும் வாசகர். பேரேடு என்பது தரவுத்தளம். இடையே நடக்கும் கிராணிதான் நிரல்.

பிஎச்பி என்னும் நிரல்மொழி 1995இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவரால் வெளியிடப்பட்டது. தம் சொந்த வலைப்பக்கத்தைப் பேணும் சிறு கருவிகளாகவே அவர் அதனைத் தொடங்கினார். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளமும் அதே 1995இல் வெளிவந்தது. அதனை உருவாக்கியோருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், தம் மகள் ‘மை’ என்பாரின் பெயரையே அதற்கு இட்டார். அதிலிருந்து 2009இல் பிரிந்த மரியாடிபி அவருடைய மற்றொரு மகளின் பெயரைத் தாங்கியது. இவ்விரு கருவிகளும் விலையின்றிக் கிடைப்பதால், சிறு தமிழ்க் கழகங்களும் பள்ளிகளும் எளிதில் நாடத்தக்கவை. ஆதலின் இவற்றையே சான்றாகக் கொள்வோம்.

கிராணிக்கும் பேரேட்டிற்கும் இடையே நடைபெறும் உரையாடலே இணைப்பு. அவ்வுரையாடலுக்கு ஒரு மொழி உண்டு, ஓர் எழுத்துமுறையும் உண்டு. இருவரும் வேறு வேறு எழுத்துமுறையில் பேசினால் என்ன நேரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. முன்னேற்பாடுகள்

இணைப்புநிரலை எழுதுமுன் நான்கு செய்திகளை உறுதிசெய்தல் வேண்டும்.

முதலாவது, தரவுத்தள வழங்கி இயங்குகிறதா என்பது. ஒரு மடிக்கணினியிலேயே வலைவழங்கி, பிஎச்பி, மைஎஸ்கியூஎல் ஆகிய மூன்றையும் நிறுவிப் பழகலாம். இணையத் தொடர்பே தேவையில்லை.

இரண்டாவது, பிஎச்பியில் மைஎஸ்கியூஎலுக்குரிய இயக்கி நீட்சி செயற்படுகிறதா என்பது. பிஎச்பி நிறுவப்பட்டிருந்தும் இந்நீட்சி முடக்கப்பட்டிருத்தல் உண்டு. நிறுவப்பட்ட நீட்சிகளின் பட்டியலைக் காட்டும் கட்டளை பிஎச்பியிலேயே உள்ளது. அதனை முதலில் இயக்கிப் பார்த்தல் நன்று.

மூன்றாவது, இத்திட்டத்திற்கென ஒரு தனிப் பயனர்க்கணக்கு. அனைத்து உரிமைகளும் பெற்ற தலைமைக் கணக்கைக் கொண்டு வலைத்தளத்தை இணைப்பது, தோட்ட அலுவலகத்தின் எல்லாச் சாவிகளையும் சன்னலில் தொங்கவிடுவது போன்றது. படித்தல், சேர்த்தல், திருத்தல் ஆகிய உரிமைகள் மட்டும் கொண்ட கணக்கு போதும். அட்டவணையையே அழிக்கும் உரிமை அதற்கு வேண்டியதில்லை.

நான்காவது, தரவுத்தளத்தை உருவாக்கும்போதே அதன் குறியேற்றத்தை அறுதியிடல். இதனைப் பலரும் கவனியாது விடுகின்றனர். நெடுங்காலம் மைஎஸ்கியூஎலின் இயல்பான குறியேற்றம் மேற்கைரோப்பிய எழுத்துகளுக்கு உரிய லத்தீன்1 ஆகவே இருந்தது. 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான் யுடிஎஃப்8எம்பி4 என்னும் முழு ஒருங்குறி வடிவம் இயல்பாயிற்று. பழைய வழங்கிகள் இன்றும் பல இடங்களில் இயங்குகின்றன. ஆகவே இயல்பை நம்பாமல், தரவுத்தளத்திற்கும் அட்டவணைக்கும் யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவதே பாதுகாப்பு.

4. இணைப்புநிரலின் உறுப்புகள்

பிஎச்பியில் தரவுத்தளத்தை அணுகும் பழைய செயற்கூறுகள், 2015 இறுதியில் வந்த 7.0 பதிப்போடு முற்றிலும் நீக்கப்பட்டன. பழைய நூல்களில் காணும் எடுத்துக்காட்டுகள் பல இன்று இயங்காமைக்கு இதுவே காரணம். இன்று இரு வழிகள் உள்ளன. ஒன்று மைஎஸ்கியூஎலுக்கு மட்டும் உரிய மேம்பட்ட நீட்சி. மற்றொன்று, 2005இல் 5.1 பதிப்போடு வந்த பிடிஓ. பிடிஓ பலவகைத் தரவுத்தளங்களையும் ஒரே முறையில் அணுக வல்லது. கற்போர்க்கு நாம் பரிந்துரைப்பது பிடிஓவையே.

இணைப்புநிரலுக்கு ஐந்து விவரங்கள் தேவை: வழங்கியின் முகவரி, தரவுத்தளத்தின் பெயர், குறியேற்றம், பயனர்பெயர், கடவுச்சொல். இவற்றுள் முதல் மூன்றும் ஒரே தொடராக எழுதப்படும். ஏனைய இரண்டும் தனித்தனியே தரப்படும். குறியேற்றத்தைக் குறிப்பிடாது விட்டாலும் இணைப்பு கிடைத்துவிடும். எந்தப் பிழைச்செய்தியும் தோன்றாது. ஆகவேதான் அது எளிதில் விடுபட்டுப் போகிறது.

இங்கே கருதவேண்டியவை மேலும் இரண்டு. கடவுச்சொல்லை நிரலின் நடுவே எழுதாமல் ஒரு தனிக்கோப்பில் வைத்து, அக்கோப்பை வலைவழி எவரும் திறக்கவியலாத இடத்தில் இருத்தல் வேண்டும். அடுத்து, பிழைகளை எவ்வாறு தெரிவிப்பது என்பதையும் அமைத்தல் வேண்டும். 8.0க்கு முந்திய பிஎச்பி பதிப்புகளில், இணைப்பு கிடைத்தபின் நேரும் வினவல் பிழைகளைப் பிடிஓ இயல்பாக அறிவிப்பதில்லை; வாய்மூடி இருந்துவிடும். பிழை நேர்ந்தால் நிரலை நிறுத்தி அறிவிக்குமாறு அமைப்பதே தக்கது. ஆனால் அவ்வறிவிப்பு நமக்குரிய பதிவுக்கோப்பில் சேரவேண்டும். பொதுவாசகரின் திரையில் தோன்றலாகாது. இணைப்பு விவரங்களை அது வெளிக்காட்டிவிடக்கூடும்.

5. முதற்சோதனை: இணைப்பு கிடைத்ததா?

முதற்சோதனைக்கு அட்டவணை எதுவும் தேவையில்லை. இணைப்பைத் திறந்து, ‘ஒன்று’ என்னும் எண்ணை மட்டும் திருப்பித் தருமாறு தரவுத்தளத்தைக் கேட்கலாம். ஒன்று திரும்பி வந்தால் வழி திறந்திருக்கிறது. வராவிடின், தோன்றும் பிழைச்செய்தியே எங்கே அடைப்பு என்று கூறிவிடும். மாணவர் பலர் பிழைச்செய்தியைக் கண்டதும் அஞ்சி நிரல் முழுவதையும் மாற்றத் தொடங்குகின்றனர். செய்தியைப் படிப்பதே முதல் மருந்து.

இயக்கி கிடைக்கவில்லை என்று வந்தால், குறை பிஎச்பியின் நீட்சியில் உள்ளது. தரவுத்தளத்தைத் தொடவே வேண்டாம். 2002 என்னும் எண் வந்தால், வழங்கியை எட்டவே முடியவில்லை என்பது பொருள். வழங்கி நிறுத்தப்பட்டிருக்கலாம், முகவரியோ வாயில் எண்ணோ தவறாக இருக்கலாம். மைஎஸ்கியூஎலின் வழக்கமான வாயில் எண் 3306. 1045 வந்தால், வழங்கியை எட்டிவிட்டோம், ஆனால் அது நம்மை உள்ளே விடவில்லை என்று கொள்க. பயனர்பெயரையோ கடவுச்சொல்லையோ சரிபார்த்தல் வேண்டும். 1049 எனில் அப்பெயரில் தரவுத்தளமே இல்லை. 1146 எனில் தரவுத்தளம் உண்டு, அட்டவணை இல்லை. இவ்வைந்தும் வெளிவாயிலிலிருந்து உள்ளறை வரை செல்லும் வழியின் ஐந்து இடங்கள். எந்த இடத்தில் தடைப்பட்டோமோ அந்த இடத்தை மட்டும் சீர்செய்தால் போதும்.

ஒரு நுட்பம். லினக்ஸ் கணினிகளில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று முகவரி இட்டால், மைஎஸ்கியூஎல் இணைப்பு வலைப்பின்னல் வழிச் செல்லாமல் ஓர் உள்ளகக் கோப்பு வழிச் செல்லும். 127.0.0.1 என்று இட்டால் வலைப்பின்னல் வழிச் செல்லும். இரண்டும் ஒரே கணினியைத்தான் குறிக்கின்றன, வழி வேறு. ஒன்றில் 2002 தோன்றினால் மற்றொன்றை இட்டுப் பார்த்தல் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

6. இரண்டாம் சோதனை: தமிழ் கிடைத்ததா?

‘ஒன்று திரும்பி வந்தது, இணைப்பு சரி’ என்று பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகின்றனர். நாங்களும் அவ்வாறே நிறுத்தினோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சுங்கை சிப்புட் வட்டாரத்தின் முன்னாள் தோட்டமொன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரிடம் சொற்களைத் திரட்டச் சென்றோம். அவர் பதினான்கு வயதில் பால்வெட்டத் தொடங்கியவர். நிரையில் மரங்களை எண்ணும் முறை, மழைநாள் வேலைக்குரிய பெயர்கள், கத்தியின் உறுப்புகள் என அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அதுவரை தாளில் எழுதிப் பின்னர்க் கணினியில் ஏற்றிவந்த நாங்கள், அன்று முதன்முறையாக நேரடியாகத் தரவுத்தளத்திலேயே தட்டச்சிட்டோம். புதிய வழங்கி, இணைப்பை ஆங்கிலச் சொற்களைக் கொண்டு சோதித்திருந்தோம். ஈப்போவுக்குத் திரும்பி அட்டவணையைத் திறந்தபோது, ஆங்கில விளக்கங்கள் அப்படியே இருந்தன. தமிழ்ச் சொற்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். எழுத்துக்கு ஒன்று, மெய்ப்புள்ளிக்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என வரிசையாக நின்றன. தாட்படி இல்லை. மீண்டும் அம்மூதாட்டியிடம் சென்றபோது அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. ஏறத்தாழப் பாதிச் சொற்களையே மீட்க முடிந்தது. எஞ்சியவற்றுக்கு எத்தனை எழுத்து என்பது மட்டும் தோராயமாகத் தெரியும். என்ன எழுத்து என்பது தெரியாது.

இக்குறையை முன்னரே காட்டியிருக்கக்கூடிய சோதனை மிக எளியது. அதனை விளக்குவோம்.

ஒருங்குறியில் தமிழுக்குரிய இடம் 1991இல் வெளிவந்த முதற்பதிப்பிலிருந்தே உண்டு. அதில் உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியன தனித்தனிக் குறியெண்கள் பெறும். ‘தமிழ்’ என்னும் சொல்லை நாம் மூன்றெழுத்தாக எண்ணுகிறோம். ஒருங்குறியோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாக எண்ணும். யுடிஎஃப்8 முறையில் இவ்வொவ்வொரு குறியெண்ணும் 3 பைட்டுகளைக் கொள்ளும். எனவே இச்சொல்லின் பைட்டுநீளம் 15.

இப்போது, பிஎச்பி நிரல் வழியே ‘தமிழ்’ என்னும் சொல்லை அட்டவணையில் இடுக. பின்னர் அச்சொல்லின் பைட்டுநீளத்தையும் குறியெண் நீளத்தையும் தரவுத்தளத்திடமே கேட்க. மைஎஸ்கியூஎலில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் செயற்கூறுகள் உள்ளன. விடை மூன்று வகையாக வரலாம்.

15, 5 என்று வந்தால் எல்லாம் செம்மை.

5, 5 என்று வந்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிட்டன. இணைப்பு ஒருங்குறியில் பேசியது, அட்டவணை லத்தீன்1இல் இருந்தது, தமிழ்க்குறி ஒவ்வொன்றும் அங்கே இடமின்றி ஒரு கேள்விக்குறியாக மாறியது என்பது பொருள். இவ்விழப்பை மீட்க இயலாது. 2015இல் வந்த 5.7 பதிப்பு முதல் மைஎஸ்கியூஎல் இயல்பாகவே கண்டிப்பான முறையில் இயங்குவதால், இத்தகைய இடங்களில் 1366 என்னும் பிழையைக் காட்டி மறுத்துவிடும். அக்கண்டிப்பைத் தளர்த்தியிருந்தால் மறுப்பும் இல்லை. எங்களுக்கு நேர்ந்தது இதுவே.

30, 15 என்று வந்தால் சொல் இருமுறை குறியேற்றம் பெற்றுவிட்டது. அட்டவணை ஒருங்குறியில் இருக்க, இணைப்பு மட்டும் லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே நாம் அனுப்பிய 15 பைட்டுகளையும் 15 ஐரோப்பிய எழுத்துகளெனக் கருதி, ஒவ்வொன்றையும் இரண்டு பைட்டாக மாற்றிச் சேமித்துவிட்டது. இது வஞ்சகமான நிலை. அதே இணைப்பு வழியே படிக்கும்போது மாற்றம் தலைகீழாக நடந்து, திரையில் ‘தமிழ்’ என்றே செம்மையாகத் தெரியும். வேறொரு கருவி வழியே திறந்தாலோ, வழங்கியை மாற்றினாலோ, இணைப்பைச் சரிசெய்தாலோ அன்றுதான் சிதைவு வெளிப்படும். நல்வாய்ப்பாக, இந்நிலையிலுள்ள தரவைத் தலைகீழாக மாற்றி மீட்கலாம்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. இட்டதைத் திரும்பப் படித்து ஒப்பிடுவது மட்டும் சோதனையாகாது. ஒரே தவறு போகும்போதும் வரும்போதும் நிகழ்ந்தால், விடை சரியாகவே தோன்றும். நீளத்தை எண்ணுதல் வேண்டும். அல்லது வேறொரு வழியில் திறந்து பார்த்தல் வேண்டும்.

7. மூன்றாம் சோதனை: ஒரே சொல், இரு வடிவம்

ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். ‘தோட்டம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தின் ஓகாரக்குறியை ஒரே குறியெண்ணாக இடலாம். ஏகாரக்குறி, ஆகாரக்கால் எனும் இரண்டாகப் பிரித்தும் இடலாம். திரையில் இரண்டும் வேறுபாடின்றித் தெரியும். முதல் வடிவில் 7 குறியெண்கள், 21 பைட்டுகள். இரண்டாம் வடிவில் 8 குறியெண்கள், 24 பைட்டுகள். ஒருங்குறி விதிப்படி இவ்விரண்டும் நிகரானவை. ஆயினும் பைட்டளவில் ஒப்பிடும் எந்தத் தேடலும் இவற்றை இரு வேறு சொற்களாகவே கருதும். மாணவர் பலர் பல செயலிகளில் தட்டச்சிட்டு அனுப்பும்போதும், பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளைச் சேர்க்கும்போதும் இக்கலப்பு நேர்கிறது. பொதுக் குறியேற்றம் இல்லாத 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையைக் கொண்டிருந்தது. அக்காலக் கோப்புகள் நம் கழகங்களில் இன்னும் பல உள்ளன.

இதற்குத் தீர்வு, அட்டவணையில் சேர்க்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் இயல்நிலைப்படுத்தல். பன்னாட்டுமொழி நீட்சி என்பதில் இதற்கான செயற்கூறு உண்டு. அது பிரிந்த குறிகளை ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘ஔவை’ என்பதை ஒகரத்தோடு ளகரம் சேர்த்துத் தட்டச்சிடும் பழக்கத்தை அது திருத்தாது. அது குறியேற்ற வேறுபாடன்று, எழுத்துப்பிழை. அதனைக் கண்டறிய ஆசிரியரின் கண்ணே வேண்டும்.

8. நான்காம் சோதனை: அகரநிரல்

சொற்பட்டியல் அகரநிரலில் அமையாவிடின் அகராதியாகாது. ஒருங்குறியில் மெய்களின் வரிசை நம் நெடுங்கணக்கை முற்றிலும் ஒத்ததன்று. அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்திற்கு முன்னும் அமைந்துள்ளன. குறியெண் வரிசையில் அடுக்கினால் மங்கு, மண்வெட்டி, மனை, மரம், மலை, மழை என வரும். நெடுங்கணக்கின்படி மனை இறுதியில் நிற்கவேண்டும். மேலும் புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின் உள்ளது. ஆகவே கடை முன்னும் கட்டிப்பால் பின்னும் வரும். நம் அகராதி மரபு இதற்கு மாறானது.

தரவுத்தளத்தில் வரிசை ஒழுங்கு விதிகள் பல உள்ளன. அவற்றுள் எது தமிழ் மரபை எந்த அளவு காக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறுபடலாம். எனவே எவ்விதியையும் நம்பி இராமல் வகுப்பறையிலேயே செய்யத்தக்க வழியொன்றைக் கூறுவோம். நம் எழுத்துகள் 247. அகரம் முதல் ஔகாரம் வரை 1 முதல் 12. ஆய்தம் 13. அடுத்துக் ககரமெய் 14, ககர உயிர்மெய் 15 முதல் 26 வரை. இவ்வாறே ஒவ்வொரு மெய்க்கும் பதின்மூன்று எண்களாக னகர ஔகாரம் 247இல் முடியும். கிரந்த எழுத்துகள் 248இலிருந்து தொடரலாம். ஒவ்வொரு சொல்லையும் இவ்வெண்களாக, மும்மூன்று இலக்கமாக மாற்றி ஒரு தனி நெடுவரிசையில் இடுக. ‘கட்டி’ 015066069 ஆகும். ‘கடை’ 015075 ஆகும். இந்நெடுவரிசையைக் கொண்டு அடுக்கினால் கட்டி முன்னும் கடை பின்னும் தாமே அமையும். தொல்காப்பியம் வகுத்த எழுத்துமுறையைக் கற்ற மாணவருக்கு இந்நிரலை எழுதுவது இனிய பயிற்சியாகும்.

9. ஐந்தாம் சோதனை: நான்கு பைட்டு எழுத்துகள்

மைஎஸ்கியூஎலில் ‘யுடிஎஃப்8’ என்று நெடுங்காலம் வழங்கியது முழு யுடிஎஃப்8 அன்று. அது ஒரு குறியெண்ணுக்கு 3 பைட்டு வரையே ஏற்கும். நான்கு பைட்டும் ஏற்கும் வடிவம் 2010இல் யுடிஎஃப்8எம்பி4 என்னும் பெயரில் வந்தது. தமிழ் எழுத்துகள் 3 பைட்டுக்குள் அடங்குவதால், பழைய வடிவமே நமக்குப் போதும் என்று பலர் கூறிவந்தனர், நாமும் கூறியதுண்டு.

2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 அக்கூற்றைப் பொய்யாக்கியது. முந்திரி, காணி, மா, வீசம் முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களுக்கும், பழைய அளவை, நாணய, கணக்குக் குறியீடுகளுக்கும் உரிய 51 குறிகள் ‘தமிழ்ப் பிற்சேர்க்கை’ என்னும் தனித்தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் 4 பைட்டுகள் கொள்பவை. முந்நூற்றிருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரிக்குறியை மூன்று பைட்டு அட்டவணையில் இட்டால், கண்டிப்பான முறையில் பிழை வரும். தளர்ந்த முறையில், அக்குறி முதல் வரியின் எஞ்சிய பகுதி முழுவதும் வெட்டுண்டு போகக்கூடும். சுவடியிலும் கல்வெட்டிலும் பழங்கணக்கேட்டிலும் உள்ளதை உள்ளவாறு பதிய விரும்புவோர், இக்குறியொன்றையும் சோதனைச் சொற்களுள் சேர்த்துக்கொள்வாராக.

10. வெளியார் இடும் சொல்

தேடற்பெட்டியில் வாசகர் இடும் சொல்லை வினவலோடு நேரடியாக ஒட்டி அனுப்புதல் கூடாது. சொல்லின் நடுவே மேற்கோட்குறியிட்டு, அதன் பின் தம் கட்டளையை எழுதி, நம் அட்டவணையையே அழிக்கவோ களவாடவோ தீயோரால் இயலும். வினவலின் வடிவத்தை முதலில் தரவுத்தளத்திற்கு அறிவித்து, சொல்லைப் பின்னர்த் தனியே அளிக்கும் முன்னாயத்த வினவலே இதற்குக் காப்பு. அப்போது வாசகர் எதை இட்டாலும் அது சொல்லாகவே கருதப்படும், கட்டளையாகாது. இதனையும் சோதித்தல் வேண்டும். மேற்கோட்குறி கொண்ட ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க. ‘கிடைக்கவில்லை’ என்னும் விடை வந்தால் நன்று. பிழைச்செய்தி வந்தால் எங்கோ ஒட்டுவேலை எஞ்சியுள்ளது.

11. முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். தனிப் பயனர்க்கணக்கு அமைக்க. தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு, வலைப்பக்கம் ஆகிய நான்கிலும் ஒரே குறியேற்றத்தைக் குறிப்பிடுக. ‘ஒன்று’ கேட்டு வழியைச் சோதிக்க. ‘தமிழ்’ இட்டு 15, 5 வருகிறதா என்று எண்ணுக. ‘தோட்டம்’ என்பதை இருவடிவிலும் இட்டு, ஒன்றைத் தேடினால் இரண்டும் கிடைக்கின்றனவா என்று காண்க. கட்டி, கடை என்பவற்றை அடுக்கிப் பார்க்க. முந்திரிக்குறியை இட்டுப் பார்க்க. மேற்கோட்குறியால் தட்டிப் பார்க்க. இறுதியாக, காப்புப்படி எடுத்து அதனை வேறொரு கணினியில் மீட்டு, அங்கேயும் 15, 5 வருகிறதா என்று எண்ணுக. மீட்டுப் பாராத காப்புப்படியைக் காப்பு என்று கொள்ளலாகாது.

இவை அனைத்தையும் செய்ய ஒரு பிற்பகல் போதும். இவற்றைச் சொற்திரட்டத் தொடங்கிய பின் அன்று, தொடங்கும் முன்னரே செய்தல் வேண்டும். வழங்கி மாறும்போதும் பதிப்பு மாறும்போதும் மீண்டும் செய்தல் வேண்டும்.

முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசிய நாட்டவர். தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் கூடியது. கணினியில் தமிழை ஏற்றும் பணியில் இந்நாடு பின்தங்கி நின்றதில்லை. ஏற்றிய தமிழைச் சிதையாது காக்கும் பொறுப்பு இன்றைய ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது.

அம்மூதாட்டியின் சொற்களுள் இழந்தவற்றுக்கு உரிய வரிகளை நாங்கள் அட்டவணையிலிருந்து நீக்கவில்லை. கேள்விக்குறிகளாகவே அவற்றை வைத்திருக்கிறோம். தாப்பாவிலோ தெலுக் இந்தானிலோ பத்து காஜாவிலோ, உங்கள் வீட்டு முதியவர் எவரேனும் மழைநாளில் வெட்டு நின்றபோது செய்த வேலையின் பெயரை இன்றும் சொல்லக்கூடும். கேட்டு எழுதுக, முதலில் தாளில் எழுதுக. கணினியில் ஏற்றும் நாளில், ‘தமிழ்’ என்னும் ஒரு சொல்லை இட்டு எண்ணிப் பார்த்த பின்னரே மற்றச் சொற்களை ஏற்றுக.